நூல் விட்ட தயிர்

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், அவசரம் என்றால் ஒரு மனிதன் பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடக்கூடிய இடங்கள் மொத்தம் ஒன்பது. பெட்ரோல் பங்குகள் நான்கு, சாப்பாட்டுக் கடைகள் மூன்று, ஒரு கல்யாண மண்டபம், ஆலப்பாக்கத்துக்கு அப்பால் ஒரு சவுக்குத் தோப்பு. கடைசியானதைக் கணக்கில் சேர்க்க வெட்கமாகத்தான் இருந்தது. சேர்க்காவிட்டால் அந்தப் பக்கம் நெடுந்தூரத்துக்கு ஒன்றுமே இல்லை. மண்டபத்தையும் முகூர்த்த நாளில்தான் திறப்பார்கள். ஆக, சாதாரண நாளில் எட்டு.

இந்தப் பட்டியலை நான் விளையாட்டுக்கு எழுதவில்லை. போன வருஷம் காலில் முள் குத்திப் புண்ணாகிச் சீழ் வைத்தது. பதினான்கு நாள் ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டேன். கால் ஆறியது, வயிறு கெட்டது. ஒரு நாளைக்கு ஏழு முறை. சில நாள் எட்டு. டாக்டரிடம் போனேன். "குடல்ல இருந்த நல்ல கிருமியும் சேர்ந்து செத்திருக்கும். வயசும் ஆச்சு. மெதுவாத்தான் சரியாகும்" என்றார். மெதுவாக என்றால் எத்தனை நாள் என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன். எண் இல்லாத பதிலை எனக்குப் பிடிக்காது.

அப்படி இருக்கும்போதுதான் சிதம்பரத்திலிருந்து மகள் போன் செய்தாள். அங்கே ஒரு கல்லூரியில் ஐந்தரை வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

"அப்பா, வைவாவுக்குத் தேதி குடுத்துட்டாங்க. அடுத்த மாசம் மொத புதன்கிழமை, பத்தரை மணி. முடிஞ்சா வா."

"முடிஞ்சா என்ன முடிஞ்சா? வருவேன்."

"இல்லப்பா, உன் வயிறு..."

"வயிறு என் பிரச்சனை. நீ உன் வேலையைப் பாரு."

வைவா என்பது வாய்மொழித் தேர்வு. செய்த ஆராய்ச்சியை எல்லார் முன்னாலும் நின்று சொல்லி, வெளியூரிலிருந்து வருகிற பேராசிரியரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அவளுடைய பள்ளிக்கூட ஆண்டு விழாக்கள் பன்னிரண்டில் நான் போனது இரண்டு. பட்டமளிப்பு விழா இரண்டு, போனது பூஜ்யம். எல்லாவற்றுக்கும் ஷிப்ட் என்று சொன்னேன். உண்மையும் அதுதான். இப்போது ஷிப்ட் இல்லை. பேருந்து ஒரு மணி இருபது நிமிஷம், அவள் பேசுவது முக்கால் மணி, கேள்விகள் ஒரு மணி. மூன்று மணி நேரம் ஐந்து நிமிஷம் என் வயிறு சும்மா இருந்தால் போதும். அதைத்தான் அது செய்ய மறுத்தது.

இதில் எரிச்சல் என்னவென்றால், அவள் ஆராய்ச்சியே வயிற்றைப் பற்றியது. மங்கலம்பேட்டையில் ஒரு வீட்டு எருமைத் தயிரில், ஸ்பூனை விட்டுத் தூக்கினால் தயிர் கொழகொழவென்று நூல் மாதிரி இழுபடும். அந்த நூலை உண்டாக்கும் கிருமியைத் தனியாகப் பிரித்தெடுத்திருந்தாள். சர்க்கரையை மணி மணியாகக் கோத்து நீளமான சரடு செய்து, அந்தக் கிருமி தன்னைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளுமாம். பாலிசாக்கரைடு என்று அதற்குப் பெயர். நாம் தின்னும் அரிசியின் மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதான். ஆனால் அரிசிச் சரடை நம் குடலே அறுத்துவிடும். இந்தச் சரட்டை அறுக்க நம்மால் முடியாது. அது அப்படியே பெருங்குடல் வரை போய்ச் சேரும். அங்கே குடியிருக்கிற வேறு சில கிருமிகள் அதை நொதிக்க வைத்துச் சில அமிலங்களை உண்டாக்கலாம். அவற்றில் ஒன்று பியூட்ரிக் அமிலம். குடலின் உள் தோலுக்கு அதுதான் தீனி என்றாள்.

எனக்கு அந்த அமிலத்தைத் தெரியும். சிக்குப் பிடித்த வெண்ணெய் நாற்றம். சோதனைக்கூடத்தில் ஒரு சொட்டு சட்டையில் பட்டால் தொழிற்சாலைக்குப் பக்கத்து ஊரான குடிகாட்டில் பஸ் ஏறும்போது பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போவார். அதைக் குடல் ஆசையாகத் தின்கிறது என்று கேட்டபோது குடலின் மேல் எனக்கு இருந்த கொஞ்ச மதிப்பும் போயிற்று.

ஆனாலும் கேட்டேன்.

"உன் லேப்ல அந்த நூலைக் காயவச்சு எடுத்த பவுடர் இருக்குதே, ஒரு ஸ்பூன் குடேன்."

"அது எலிக்குப்பா."

"எலிக்கு நல்லா ஆச்சா இல்லியா?"

"ஆச்சு. எலிக்கு."

"என்னையும் ஒரு எலின்னு வச்சிக்கோ."

"லேப்ல இருக்கறது எதையும் வாயில வைக்கக் கூடாது. மனுஷங்களுக்குக் குடுத்து நாங்க பாக்கவே இல்ல. ஒவ்வொருத்தர் குடல்ல இருக்கற கிருமியும் வேற வேற. உனக்கு நல்லதா, கெட்டதா, ஒண்ணுமே ஆகாதான்னு எனக்குத் தெரியாது."

ஐந்தரை வருஷம் படித்துவிட்டுத் தெரியாது என்கிறாள். போனை வைத்துவிட்டேன்.

என் மனைவியின் தம்பி சிதம்பரத்தில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறார். மகளின் ஆய்வேட்டை அட்டை போட்டுக் கொடுத்தவர் அவர்தான். அவரிடம் புலம்பினேன்.

"இதுக்கா மாமா இவ்ளோ கோவம்? அந்தத் தயிரைப் பாப்பாவுக்கு மொதல்ல கொண்டாந்து குடுத்ததே நான்தானே. என் சகலை வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்காங்க அவுங்க. தினம் அதைத்தான் சாப்புடுறாங்க. எல்லாம் கல்லு மாதிரி இருக்குதுங்க."

"கொண்டு வர முடியுமா மச்சான்?"

"வர்ற வியாழக்கிழமை கொண்டாறேன். ஆனா ஒண்ணு மாமா, தினம் காலையில ஸ்கோர் சொல்லணும்."

வியாழக்கிழமை மூடி போட்ட சில்வர் தூக்கில் வந்தது. ஸ்பூனை விட்டுத் தூக்கி, பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். பதினான்கு சென்டிமீட்டர் இழுத்து அறுந்தது. மனைவி அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்துவிட்டு "ஐய" என்றாள். நான் அவளிடம் தெளிவாகச் சொன்னேன். பாலைக் காய்ச்சி ஆறவைத்து, இதில் ஒரு ஸ்பூன் விட்டு உறை ஊற்ற வேண்டும். மறுநாள் அதிலிருந்து ஒரு ஸ்பூன். காலை ஏழு மணிக்கு ஒரு டம்ளர் மோர், மாலை நான்கு மணிக்கு ஒரு டம்ளர். அவள் சரி என்றாள்.

அன்றே நோட்டுப் புத்தகம் போட்டேன். தேதி, நேரம், எண்ணிக்கை, குறிப்பு என்று நான்கு கட்டங்கள். முதல் நாள் ஏழு. ஆறாம் நாள் ஆறு. பதினோராம் நாள் நான்கு.

"மாமா, ஸ்கோர் என்ன?"

"நாலு."

"அட்ரா. ரன் ரேட் நல்லா கொறையுது மாமா."

பதினெட்டாம் நாள் மூன்று. மூன்று என்றால் காலையிலேயே இரண்டு முடிந்துவிடும், பகல் முழுக்க என்னுடையது. வைவாவுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மனைவியிடம் பியூட்ரிக் அமிலத்தைப் பற்றி இரண்டு முறை விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். அப்போதாவது அவள் வாயைத் திறந்திருக்கலாம்.

பத்தொன்பதாம் நாள், திங்கட்கிழமை. அன்றும் மூன்றுதான். பெருமை தாங்காமல் மகளுக்கு போன் செய்து, எழுதி வைத்திருந்த பத்தொன்பது எண்களையும் வரிசையாகப் படித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இப்ப நூல் எவ்ளோ நீளம் வருதுப்பா?"

"என்ன?"

"தயிர்ல. வீட்டுல மாத்தி மாத்தி உறை ஊத்துனா வேற கிருமி சேந்துடும், நூல் கொறையும். அளந்தியா?"

அளக்கவில்லை. முதல் நாள் அளந்ததோடு சரி. போனைக் கையில் பிடித்துக்கொண்டே பிரிட்ஜைத் திறந்து, பாத்திரத்தில் ஸ்பூனை விட்டுத் தூக்கினேன். தயிர் கட்டியாக வெட்டுப்பட்டு வந்தது. நூல் இல்லை. அரை சென்டிமீட்டர்கூட இல்லை. அடியில் விட்டுப் பார்த்தேன், ஓரத்தில் விட்டுப் பார்த்தேன்.

மனைவியைக் கூப்பிட்டேன்.

"இது எந்தத் தயிர்?"

"நம்ம தயிர்தான்."

"நம்ம தயிருன்னா? மங்கலம்பேட்டைத் தயிர் எங்க?"

"அதுவா? அது ஊசிப்போச்சுங்க. ரெண்டாவது நாளே பாத்தேன், கொழகொழன்னு நூல் விட்டுது. வாழைக்கு ஊத்திட்டேன்."

"ஊத்திட்டு?"

"கடையில பாக்கெட் தயிர் வாங்கியாந்து உறை ஊத்தினேன். உங்களுக்கு ஏற்கெனவே வயிறு சரியில்ல. ஊசிப்போனதைக் கரைச்சுக் குடுக்கச் சொல்றீங்களா?"

"அந்த நூலுக்காகத்தானே வாங்கினதே! எத்தனை தடவை சொன்னேன்!"

"அமிலம் அமிலம்னு சொன்னீங்க. நூல் விட்டதைக் குடுன்னு சொல்லவே இல்லியே."

அவள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லைதான். ஸ்கேலை வைத்து அளந்ததை அவள் பார்த்தாள். எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று அளக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் சோறோ, குழம்போ, தயிரோ நூல் விட்டால் அதற்கு ஒரே வார்த்தைதான். ஊசிப்போச்சு. அந்த வார்த்தை வந்துவிட்டால் பாத்திரம் நேராகக் கொல்லைக்குப் போய்விடும். நாற்பத்திரண்டு வருஷம் என்னோடு குடித்தனம் செய்து, ஊசிப்போன எதையும் ஒரு நாளும் எனக்குப் போடாதவள் அன்று மட்டும் எப்படிப் போடுவாள்?

போனில் மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று மூச்சிலேயே தெரிந்தது.

"அப்பா, எலிங்கள்ல ஒரு கூட்டத்துக்கு நாங்க மருந்து குடுக்க மாட்டோம். சும்மா மோர் மாதிரி ஒண்ணு குடுப்போம். ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு. கன்ட்ரோல்னு பேரு. நீ அதுப்பா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மேல் கோபமில்லை, மனைவி மேல்கூட அவ்வளவு கோபமில்லை. தொழிற்சாலை வாசலில் டேங்கர் லாரி வந்து நின்றால், நான் மாதிரி எடுத்துச் சோதித்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. முப்பத்தொரு வருஷம் அப்படி. என் வயிற்றுக்குள் என்ன இறங்குகிறது என்று பதினெட்டு நாள் நான் பார்க்கவே இல்லை. வெளியே போனதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. மோர் ஆரம்பித்த அன்றே காபியை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைத்திருந்தேன். சாயங்கால பஜ்ஜியையும் விட்டிருந்தேன். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எதனால் பலன் என்று தெரியாது என்று என் கீழே வேலை பார்த்தவர்களை எத்தனை முறை திட்டியிருப்பேன்! பாக்கெட் தயிரா, காபியா, பஜ்ஜியா, வெறும் நாள் கடந்ததா? எண்ணிக்கை மூன்று என்பது மட்டும் நிஜம். ஏன் மூன்று என்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. காரணம் தெரியாத மூன்றை நம்பி எப்படிப் பஸ் ஏறுவது?

மைத்துனர், "முந்தின நாளே வந்து எங்க வீட்டுல தங்கிடுங்க மாமா" என்றார். அவர் வீட்டில் ஆறு பேர், கழிப்பறை ஒன்று. மறுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. புதன்கிழமை காலை ஏழரை மணிப் பேருந்தில், முன் படிக்கட்டுக்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்தேன். மனைவி பக்கத்தில் பட்டுப்புடவையோடு, மடியில் கற்கண்டும் பழமும் வைத்த பையோடு. ஒவ்வோர் இடமாக வந்து பின்னால் போயிற்று. முதல் பங்க். இரண்டாவது பங்க். சவுக்குத் தோப்பு வந்தபோது உள்ளே ஒரு முறுக்கல் எழுந்து அடங்கியது. மனைவி, "முகத்தை ஏன் இப்படி வச்சிருக்கீங்க? பொண்ணு டாக்டராவப் போறா" என்றாள். புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம். ஒன்பதில் ஒன்றுக்கும் வேலை வரவில்லை. பேருந்து நிலையத்தில் மைத்துனர் காத்திருந்தார்.

"மாமா, நாட் அவுட்டா?"

"வாயை மூடு மச்சான்."

கூட்டம் இரண்டாவது மாடியில். நாற்காலிகள் முப்பத்தெட்டு, மின்விசிறிகள் ஆறு, அதில் ஓடியவை ஐந்து. மனைவியும் மைத்துனரும் முன் வரிசைக்குப் போனார்கள். நான் கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தேன். கதவுக்கு மூன்று எட்டு, கழிப்பறைக்கு இன்னும் இருபத்திரண்டு எட்டு. மகள் மேடைக்கு வந்து கூட்டத்தைப் பார்த்தாள். கடைசி வரிசையில் என்னைக் கண்டுபிடித்து லேசாகத் தலையசைத்தாள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். திரையில் வந்த ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு எண் இருந்தது. நாற்பத்தொன்றில் ஒன்று, நாற்பத்தொன்றில் இரண்டு என்று. அது எனக்குப் பெரிய உதவி. நாலாவது படம் மங்கலம்பேட்டைத் தயிர். கண்ணாடிக் குச்சியிலிருந்து நூல் தொங்கியது. பக்கத்தில் ஸ்கேல் வைத்திருந்தாள்.

இருபதாவது படத்தில் முறுக்கல் ஆரம்பித்தது. இருபத்துமூன்றில் அடங்கியது. இருபத்தைந்தில் மறுபடி. இருபத்தேழில் இனி முடியாது என்று எழுந்தேன்.

கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி அட்டெண்டரிடம் இருக்கிறதாம். அட்டெண்டர் எங்கே என்றால், வைவா முடிந்ததும் எல்லாருக்கும் கொடுக்க சமோசாவும் டீயும் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாராம். என் மகள் கொடுக்கிற சமோசா! படி இறங்கினேன், நாற்பத்தாறு படி. எதிர்க் கட்டடம் வரை வெயிலில் போனேன். எண்ண முடியவில்லை. அந்த நிலையில் எதையும் எண்ண முடியாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

திரும்பி அந்த நாற்பத்தாறு படிகளையும் ஏறினேன். இரண்டாவது மாடிக்கு இன்னும் ஒன்பது படி இருக்கும்போது மேலே கூட்டம் முழுக்கச் சிரிப்பது கேட்டது. அடுத்து கைதட்டல். கதவைத் தள்ளினேன். வெளியூர்ப் பேராசிரியர் எழுந்து நின்று, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மகளுக்குப் பட்டம் தரலாம் என்று பரிந்துரைப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி அழுதுகொண்டிருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்திரண்டு நிமிஷம் போயிருந்தது.

"எதுக்குச் சிரிச்சாங்க?" என்று மனைவியைக் கேட்டேன்.

"உங்களைப் பத்தித்தான் ஏதோ சொன்னா. இங்கிலீஷ்ல."

மைத்துனரைக் கேட்டேன். "இதைச் சாப்பிட்டா மனுஷன் குடலுக்கு நல்லதான்னு அவுரு கேட்டாரு மாமா. அதுக்குப் பாப்பா, 'எங்க அப்பா எனக்குத் தெரியாம ஒரு ஆராய்ச்சி பண்ணாரு, எங்க அம்மா அதை வாழைக்கு ஊத்திட்டாங்க'ன்னுது. கிளைமாக்ஸ்ல எழுந்து போயிட்டீங்களே மாமா. போங்க, சமோசா சாப்புடுங்க."

நான் சமோசாவைத் தொடவில்லை. மகளிடம் போனேன். நான்கு பேர் அவளுக்குக் கை கொடுத்து முடிக்கும் வரை நின்றேன்.

"அந்தக் கேள்விக்கு நீ என்னதான் பதில் சொன்ன?"

"தெரியாதுன்னு சொன்னேன்பா. டெஸ்ட் ட்யூப்ல பாத்தோம், எலியில பாத்தோம், மனுஷங்கள்ல இனிமேதான் பாக்கணும்னு. அதான் அவருக்குப் பிடிச்சுது. உன் கதையையும் சொன்னேன். கோவமா?"

"கோவமில்ல. நான் இருந்தப்ப சொல்லியிருக்கலாம்."

"நீ இல்லன்னு எனக்குத் தெரியலப்பா. உன்னைப் பாத்துதான் சொல்றதா நெனச்சேன். கடைசி வரிசையில வெள்ளைச் சட்டை போட்டு யாரோ இருந்தாரு."

"இருபத்தேழு வரைக்கும் இருந்தேன். நாற்பத்தொண்ணுல பதினாலு போச்சு" என்றேன்.

அவள் லேப்டாப்பை எடுத்து வந்து, வராந்தாச் சுவரின் மேல் வைத்துத் திறந்தாள். கீழேயிருந்து மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். மகள் இருபத்தெட்டாவது படத்தை எடுத்து, எனக்கு மட்டும் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். வெயில் திரையில் அடித்தது. கையால் மறைத்துக்கொண்டே சொன்னாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது. முப்பதில் எலிகளின் பெருங்குடல் படம். மருந்து சாப்பிட்டதற்கு உள் தோல் தடிப்பாகவும், சும்மா மோர் குடித்ததற்கு மெலிதாகவும் இருந்தது. நான் மெலிதானதைப் பார்த்தேன்.

"எல்லாம் சரி. எத்தனை நாள் குடுத்தீங்க அதுங்களுக்கு?" என்று கேட்டேன்.

அவள் கை நின்றது.

"அது இருபத்தாறாவது ஸ்லைடுப்பா. அதுலதான் ரொம்ப நேரம் நின்னு சொன்னேன். நீ அப்ப உள்ளதானே இருந்த?"

இருந்தேன். மூலையில் இருபத்தாறு என்ற எண் நன்றாக நினைவிருந்தது. அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. இருபத்தைந்தும் வரவில்லை, இருபத்துநான்கும் வரவில்லை. ஓடாத மின்விசிறி எது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"மறந்துட்டேன்" என்றேன்.

அவள் எத்தனை நாள் என்று சொல்லிவிட்டு, பொத்தானைத் தட்டி அடுத்த படத்துக்குப் போனாள்.